தாம் கிராசே மரப்பாலமும் பெயர் எழுதப்படாத தொழிலாளர்களும்

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரிலிருந்து நாம் தோக் நோக்கிச் செல்லும் பயணிகள் ரயில், தாம் கிராசே நிலையத்தை ஒட்டிய இடத்தில் நடைவேகத்துக்குக் குறைகிறது. ஒருபுறம் வெடிவைத்துப் பிளக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். மறுபுறம் கீழே குவே நொய் ஆறு. இரண்டுக்கும் இடையில், ஆற்றங்கரைச் சரிவில் ஊன்றிய மரச்சட்டங்களின் மீது தண்டவாளம் செல்கிறது. ஆற்றைக் குறுக்கே கடக்கும் பாலம் அல்ல இது. பாறைக்கும் நீருக்கும் இடையில் நிலமே இல்லாத இடத்தில், ஆற்றின் போக்கிலேயே முந்நூறு மீட்டருக்கும் மேலாக நீளும் மரத்தாங்கு. போர்க்கைதிகளின் குறிப்புகளில் இது 'வாம்போ' என்று பதிவாகியுள்ளது. அருகிலுள்ள ஊரின் பெயர் வாங் போ.

சயாம்-பர்மா இருப்புப்பாதை என்றும் சயாம் மரண ரயில் என்றும் அழைக்கப்படும் 415 கிலோமீட்டர்ப் பாதையில் 600-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருந்தன. அவற்றுள் எஃகுப் பாலங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஏனைய அனைத்தும் காட்டு மரத்தால் ஆனவை. இன்றும் ரயிலைத் தாங்கி நிற்கும் மரப்பாலங்களுள் புகழ்பெற்றது தாம் கிராசே. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு இப்பாதையோரம் புதைந்துபோன தமிழ்த் தொழிலாளர்களில் கணிசமானோர் தலித்துகள் என்பதால், இந்தப் பாலத்தின் வரலாறு நமக்கு அயல்நாட்டுச் செய்தி அல்ல. ஆயினும் இந்தப் பாலத்தைப் பற்றி எழுதப்படுவனவற்றில் அவர்கள் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார்கள்.

பாலம் எழுந்த விதம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் ஆயுதமும் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் சென்றன. அவ்வாண்டு ஜூன் மாதம் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்றபின் அக்கடல்வழி பாதுகாப்பற்றதாயிற்று. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை காட்டையும் மலையையும் ஊடறுத்து ரயில்பாதை அமைக்க முடிவெடுக்கப்பட்டது. வேலை இருமுனைகளிலிருந்தும் தொடங்கியது. 1943-இன் தொடக்கத்தில், குறித்த நாளுக்கு முன்பாகவே முடிக்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்தது. அதன்பின் நடந்தவை யாவும் அந்த அவசரத்தின் விளைவுகள்.

வாங் போவில் மலைப்பாறை நேராக ஆற்றுக்குள் இறங்குகிறது. சுரங்கம் குடைய நேரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. பாறையின் முகத்தை வெடிவைத்துச் செதுக்கி ஒரு விளிம்பை உண்டாக்கி, விளிம்பு போதாத இடங்களில் மரத்தாங்கு அமைப்பதே ஜப்பானியப் பொறியாளர்கள் கண்ட வழி. செங்குத்து மரங்கள் சிலவற்றை வரிசையாக நிறுத்தி, தலைப்பில் ஒரு கனத்த உத்தரத்தைக் கிடத்தி, குறுக்கே சாய்வு மரங்களால் இறுக்கினால் ஒரு சட்டகம். இத்தகைய சட்டகங்களைச் சில மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, மேலே நெடுக்கு உத்தரங்களையும் கட்டைகளையும் தண்டவாளத்தையும் இட்டால் பாலம். கீழே மண் இருக்குமிடத்தில் மரக்கம்பங்களை அடித்து இறக்க வேண்டும். அதற்கான கனத்த இரும்பை மனிதர்களே கயிற்றால் தாளத்துக்கு இழுத்து உயர்த்தி, விட்டுவிட்டு, மீண்டும் இழுத்தனர். மரம் அங்கேயே வெட்டப்பட்டது. உலர வைக்கப்படாத பச்சை மரம். சில இடங்களில் யானைகள் இழுத்தன, பல இடங்களில் மனிதத் தோள்கள் சுமந்தன.

ஏறத்தாழ 2,000 போர்க்கைதிகள் 1943 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதைக் கட்டினர். பதினேழே நாட்களில் கட்டப்பட்டது என்று சுற்றுலா விளக்கங்கள் வியப்போடு சொல்லும். அந்த வியப்பே கூசவைப்பது. பதினேழு நாள் என்பது பொறியியல் சாதனையின் அளவு அல்ல, அடியின் அளவு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தாம் கிராசே மரப்பாலத்தை எழுப்பியவர்கள் பெரும்பாலும் பிரிட்டானியப் படையைச் சேர்ந்த கைதிகளே. தமிழர்கள்தாம் கட்டினர் என்று நம் மேடைகளில் சிலர் பேசுவது உண்மைக்கும் உதவாது, இறந்தவர்களுக்கும் உதவாது. மலாயாவிலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கியது இப்பாலம் முடியும் தறுவாயில்தான். அவர்களில் மிகப் பலர் இந்தப் பாலத்துக்கு அப்பால், மேலும் வடக்கே, மழையும் காலராவும் ஒன்றாக வந்த காடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பாதை முடிந்தபின்பும் விறகு வெட்டவும், சல்லி நிரப்பவும், நேசநாட்டு விமானங்கள் குண்டுவீசித் தகர்த்த பாலங்களை மீண்டும் மீண்டும் செப்பனிடவும் அவர்களே வைத்துக்கொள்ளப்பட்டனர். மரப்பாலத்தின் ஆயுள் குறைவு. அதை ஆண்டுதோறும் உயிரோடு வைத்திருக்கும் உழைப்பு, கட்டும் உழைப்பைக் காட்டிலும் நீண்டது, கண்ணில் படாதது.

பெரட்டிலிருந்து பான் போங் வரை

திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய மக்கள் அவர்கள். அல்லது அவர்களின் பிள்ளைகள். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்த முறையில், நிலமற்ற சாதிகளே முதலில் கப்பல் ஏறின. பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகியோர் தோட்டத் தமிழரில் பெரும்பங்கு. ரப்பர்த் தோட்டத்திலும் சாதி அவர்களை விட்டுவிடவில்லை; பல தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. விடியுமுன் 'பெரட்டு' என்ற ஆள்கணக்கெடுப்பு. கிராணி பெயர் வாசிப்பார், தண்டல் ஆளைக் காட்டுவார். செக்ரோலில் பெயர் இல்லையேல் கூலி இல்லை.

இந்தப் பெயர்ப் பதிவு நம் கதைக்கு முக்கியமானது. 1942 வரை ஒவ்வொரு தொழிலாளியும் ஏதோ ஒரு தோட்டத்தின் ஏட்டில் பெயரோடு இருந்தார்.

ஜப்பானிய ஆட்சியில் ரப்பருக்கு மேலைநாட்டுச் சந்தை இல்லாமற் போயிற்று. வெள்ளைக்காரத் துரைகள் ஓடினர் அல்லது சிறைப்பட்டனர். அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்தப் பசியின் நடுவில் 1943-இல் ஆள்பிடிப்புத் தொடங்கியது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி, குடும்பத்துக்கு உணவு என்று முதலில் அறிவித்தனர். நம்பிச் சென்றவர்கள் உண்டு. மனைவி, குழந்தைகளோடு சென்றவர்களும் உண்டு. சென்றவர்கள் திரும்பாததும், செய்தி கசிந்ததும் எவரும் முன்வரவில்லை. அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு விதிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையைக் கிராணிமாரும் கங்காணிமாரும் நிரப்ப வேண்டியதாயிற்று. இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றியதாகத் தப்பியவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள்.

யாரைக் கணக்கில் சேர்ப்பது என்று கங்காணி முடிவுசெய்யும் இடத்தில், உறவும் சாதியும் கைப்பணமும் வேலை செய்யாமல் இருந்திருக்குமா? ஆவணத்தைக் காட்டி நிறுவக்கூடிய கூற்று அல்ல இது. தோட்ட அமைப்பை அறிந்தவர்கள் எழுப்பியே தீர வேண்டிய கேள்வி. நகரத்து வணிகரும் எழுத்தரும் விலகிக்கொள்ள வழிகள் இருந்தன. லயத்துக் குடும்பத்துக்கு இருந்த வழிகள் இரண்டு: காட்டுக்குள் ஓடுவது, அல்லது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்வது. ரயிலுக்குப் பிடித்துச் செல்லாமல் தப்புவதற்காகவே பின்னதில் சேர்ந்தவர்கள் பலர். அதே ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார், இந்திய விடுதலைச் சங்கத்தின் கிளைகள் தோட்டங்களில் நிதி திரட்டின, ஆள்பிடிப்பு நிற்கவில்லை. நம் தேசிய வரலாற்று நூல்கள் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதுவதில்லை.

சரக்குப் பெட்டிகளில் நாட்கணக்காக அடைபட்டுத் தாய்லாந்தின் பான் போங்கில் இறங்கியோர் அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே காட்டுக்குள் சென்றனர். ஜப்பானியர் வழங்கிய பெயர் 'ரோமுஷா', அதாவது உழைப்பாளி. மலாயாவிலிருந்து சென்றோர் சுமார் 75,000 பேருக்குக் குறையாது. அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் தொகை இரண்டு லட்சம் வரை செல்லும்.

இரண்டு சாவு விகிதங்கள்

இப்பாதையில் வேலைசெய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். இறந்தோர் 12,000-க்கும் மேல், ஐவரில் ஒருவர். மலாயாத் தொழிலாளரில் இறந்தோர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் உடன்படுவதில்லை. குறைந்த மதிப்பீடே ஏறத்தாழ 30,000 என்கிறது. 40,000-ஐத் தாண்டும் மதிப்பீடுகளும் உண்டு. ஐவரில் இருவருக்குக் குறையாது. அதே காடு, அதே மழை, அதே காலரா, அதே தடி. சாவு மட்டும் இருமடங்கு.

வேறுபாட்டை விளக்க ஜப்பானியரின் கொடுமை மட்டும் போதாது. அது இரு தரப்புக்கும் பொது. போர்க்கைதிகளிடம் ஓர் அமைப்பு இருந்தது. தமக்குள் அதிகாரிகள் இருந்தனர். முகாம் தலைவனிடம் எதிர்த்துப் பேச ஒருவர் இருந்தார். படை மருத்துவர்கள் இருந்தனர். மருந்து இல்லாவிடினும், தண்ணீரைக் கொதிக்கவை, கழிவுக்குழியைத் தள்ளி வெட்டு, நோயாளியைப் பிரித்து வை என்று ஆணையிடவும் அதை நிறைவேற்றவும் ஆட்கள் இருந்தனர். தமிழ் முகாம்களில் இவை எதுவும் இல்லை. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து அள்ளிக் கொண்டுவந்த குடும்பங்கள். பேசத் தலைவர் இல்லை, மொழி தெரிந்தவர் இல்லை, மருத்துவர் இல்லை. 1943 நடுவில் சாவு பெருகி வேலையே நின்றுவிடும் நிலை வந்தபோதுதான், ஜப்பானியர் போர்க்கைதிகளிலிருந்தே மருத்துவப் பணியாளர்களைப் பிரித்து 'கே', 'எல்' என்ற இரு பிரிவுகளாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். பல்லாயிரம் பேருக்குச் சில நூறு பேர்.

1943 அக்டோபர் 17 அன்று இருமுனைத் தண்டவாளங்களும் கொங்கோய்தா அருகே சந்தித்தன.

போர் முடிந்த சில வாரங்களில், 1945 செப்டம்பரில், கல்லறைகளைத் தேடி ஒரு குழு இப்பாதை நெடுகச் சென்றது. போர்க்கைதிகள் இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் இரகசியமாக எழுதி வைத்திருந்தனர். அவ்வேடுகளின் துணையால் அக்குழு 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. அவ்வுடல்கள் காஞ்சனபுரி, சுங்கை, தன்பியூசாயத் ஆகிய மூன்று போர்க் கல்லறைத் தோட்டங்களுக்கு மாற்றப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் தகடு, புல்வெளிக்கு நாள்தோறும் நீர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பு படையினரோடு நின்றுவிடுகிறது. தொழிலாளர்கள் அதற்குள் வருவதில்லை.

தொழிலாளர்களின் உடல்கள் எரிக்கப்பட்டன, ஆற்றில் விடப்பட்டன, பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டன. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்டன. ஒருவருக்கும் பெயர் இல்லை.

சட்டம் யாரைக் கண்டது

தொழிலாளர் வழக்குகளில் நிற்கும் எவரும் அறிந்த ஒன்று: முதலாளி தரப்பின் முதற்கேள்வி, இவர் எங்களிடம் வேலை செய்தார் என்பதற்குப் பதிவேடு எங்கே என்பதுதான். பதிவேட்டை வைத்திருக்க வேண்டியவரே அதைக் கேட்பார். இக்கட்டுரையாளர் நடத்திய வழக்கொன்றில், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறந்த மனிதர் ஒப்பந்ததாரரின் ஏட்டில் எந்நாளும் இருந்ததில்லை. உடல் இருந்தது, தொட்டி இருந்தது, தொழிலாளி மட்டும் 'இல்லை'. சயாம் ரயில் வழக்கு, நடந்திருந்தால், அங்கேயே தொடங்கியிருக்கும்.

கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஜப்பான் 1932-இல் ஏற்புறுதி செய்திருந்தது. போர்க்கால அவசரத்துக்கு அதில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அவ்விலக்கு எல்லையற்றதல்ல. சீனா, கொரியாவிலிருந்து ஜப்பானிய ஆலைகளுக்கு இழுத்துச் செல்லப்பட்டோரின் உழைப்பு அவ்வுடன்படிக்கையை மீறியதே என்று 1999-இல் அந்த அமைப்பின் நிபுணர் குழு கூறியது. 'விரும்பித்தானே ரயிலேறினார்கள்' என்ற வாதத்துக்கு நம் உச்ச நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் தொடர்பாக மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் தொடுத்த வழக்கில் (1982), பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்யும்போது அதுவும் கட்டாயமே என்று அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு விரித்துப் பொருள் கொள்ளப்பட்டது. 1943-இன் மரவள்ளிக் கிழங்கை அந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படிக்கலாம்.

போருக்குப் பின் நடந்த விசாரணைகளில் இப்பாதை தொடர்பாக 111 பேர் தண்டிக்கப்பட்டனர். 32 பேருக்கு மரண தண்டனை. அவற்றில் பெரும்பாலானவை போர்க்கைதிகளுக்கு இழைத்த குற்றங்களைப் பற்றியவை. பாதையையோ பிரிட்டன் தாய்லாந்துக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. தண்டவாளத்துக்கு விலை குறிக்க முடிந்தது.

1951-இன் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையின் 14-ஆம் உறுப்பில் நேச நாடுகள் தம் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் தம் குடிமக்களின் கோரிக்கைகளையும் கைவிட்டன. 16-ஆம் உறுப்பு, நடுநிலை நாடுகளிலும் போரில் ஜப்பானின் பக்கம் நின்ற நாடுகளிலும் இருந்த ஜப்பானியச் சொத்துக்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே துன்புற்றோருக்குப் பகிர்ந்தது. எந்தத் துன்புற்றோருக்கு? 'நேச நாட்டுப் படைகளின்' உறுப்பினராயிருந்து கைதியானவர்களுக்கு. மலாயா அன்று பிரிட்டனின் கையில். தோட்டத் தொழிலாளியின் பெயரில் கையெழுத்திட்டது லண்டன். இந்தியா அந்த மாநாட்டுக்குச் செல்லவில்லை. ஆனால் 1952 ஜூனில் ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்து, அதுவும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. பெருந்தன்மை என்று அது போற்றப்பட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் விதவைகளிடம் அந்தப் பெருந்தன்மைக்கு ஒப்புதல் கேட்கப்படவில்லை.

1967-இல் மலேசியாவும் ஜப்பானும் செய்த உடன்பாட்டின்படி 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்புள்ள உதவி வந்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாயிற்று. போர்க்காலக் கோரிக்கைகள் அத்துடன் தீர்ந்தன என்று எழுதிக்கொண்டனர். 2000-இல் பிரிட்டன், ஜப்பானிடம் கைதியாயிருந்தோருக்குத் தலா 10,000 பவுண்டு கருணைத்தொகை அறிவித்தது. அடைத்து வைக்கப்பட்ட குடிமக்களுக்கும் அது உண்டு. ஆனால் அவர்களோ பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்று பின்னர் நிபந்தனை விதிக்கப்பட்டது. இந்த 'இரத்தத் தொடர்பு' மறைமுக இனப்பாகுபாடே என்று எலியாஸ் வழக்கில் (2006) இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஹாங்காங் முகாமில் அடைபட்டிருந்த ஒருவரின் வழக்கு. ரப்பர்த் தோட்டத்திலிருந்து ரயிலேறியவர் அந்தத் திட்டத்தின் எந்த வகையினத்துக்குள்ளும் வரவில்லை. வாசலில் நிறுத்தி மறுக்கப்படுவதற்குக்கூட அவருக்கு ஒரு வாசல் இருக்கவில்லை.

பாலத்தின் பிந்தைய வாழ்வு

போருக்குப் பின் பர்மியப் பக்கப் பாதை பிரிக்கப்பட்டது. தாய்லாந்துப் பக்கத்தில் நாம் தோக் வரையிலான சுமார் 130 கிலோமீட்டர் மட்டும் செப்பனிடப்பட்டு 1958-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஹாலிவுட் படம் குவாய் ஆற்றுப் பாலத்தை உலகறியச் செய்தது. படத்தின் மரப்பாலம் எழுப்பப்பட்டது தாய்லாந்தில் அல்ல, இலங்கையின் கிதுல்கலையில். படத்தில் மலாயாத் தமிழர் எவரும் இல்லை. பயணிகள் படத்தின் ஆற்றைத் தேடி வரவே, எஃகுப் பாலம் நிற்கும் மே குளோங் ஆற்றின் பகுதிக்கு 1960-இல் 'குவே யாய்' என்று பெயரே மாற்றப்பட்டது. கதையில் வந்த பெயருக்காக ஓர் ஆறு மாறியது.

தாம் கிராசேயின் மரங்களில் 1943-இல் நட்டவை எத்தனை என்பது ஐயத்துக்குரியது. உளுத்தவை மாற்றப்பட்டுள்ளன, அடித்தளங்களில் கற்காரை இடப்பட்டுள்ளது. பாலத்தை ஒட்டிய குகையில் புத்தர் சிலை, அருகே உணவகங்கள். வடக்கே ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலிய அரசு 1998-இல் அருங்காட்சியகம் திறந்தது. ஒவ்வோர் ஏப்ரல் 25-ஆம் நாளும் விடியலில் அங்கே அஞ்சலி நடக்கிறது.

தமிழில் இந்நினைவை முதலில் சுமந்தவை அரசுகள் அல்ல, மலேசியத் தமிழ் நாவல்கள்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வளாகத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் எச்சங்கள் சேர்த்துப் புதைக்கப்பட்ட இடத்தில், அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் தமிழ்த் தொழிலாளருக்கு ஒரு நடுகல் எழுந்திருக்கிறது. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுவது நடுகல். லயத்துக் கூலிக்கு அது நடப்பட்டது சிறிய செய்தி அல்ல. கல்லில் 'தமிழர்' என்றிருப்பதோடு நாம் நிறைவடைய வேண்டுமா என்பது வேறு. அந்தச் சொல்லுக்குள் யார் ரயிலேறினார்கள், யார் ஏற்றினார்கள் என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மாணவர்கள் செய்யக்கூடியது இன்னும் மிச்சமிருக்கிறது. பெயர்வாரியான முழுப் பட்டியல் ஒன்று இன்றும் பொதுவெளியில் இல்லை. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்திலும் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் போருக்குப் பிந்தைய தொழிலாளர் துறைக் கோப்புகள் உள்ளன. தோட்டங்களின் 1941-ஆம் ஆண்டுச் செக்ரோலும் 1946-ஆம் ஆண்டுச் செக்ரோலும் ஒருசேரக் கிடைக்கும் தோட்டங்களில், இரண்டையும் பக்கத்தில் வைத்து, விடுபட்ட பெயர்களைக் குறிக்க முடியும். இக்கரையிலும் வேலை இருக்கிறது. திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டச் சேரிகளில், 'சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை' என்று ஒரு பாட்டனின் தம்பியைப் பற்றிச் சொல்லும் குடும்பங்களிடம் ஊர்ப்பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வாங்க வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய தலைமுறைக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது.